வீட்டு கேட்வேயில் 143 ஃபயர்வால் விதிகள்: எதை வைப்பது, எதைத் தூக்குவது?

4 ஜனவரி, மாலை 6.15 (கேள்வி)

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு அதையே வீட்டு கேட்வேயாக (வீட்டு வலைக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் வாசலாக) ஓட்டுகிறேன். எந்தப் பாக்கெட்டை (வலையில் போகும் தரவுத் துண்டை) விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஐபிடேபிள்ஸ் ஸ்கிரிப்டில் இன்றைய கணக்குக்கு 143 விதிகள். பாதி நான் எழுதியது, மீதி எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கை வைக்கவே பயமாக இருக்கிறது. அதற்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸுக்கு மாறப் போகிறேன். இருப்பதை அப்படியே மாற்றிவிடலாமா, இல்லை குறைக்க வேண்டுமா? குறைத்தால் பாதுகாப்பும் குறையுமே?

4 ஜனவரி, இரவு 9.50 (பதில்)

அப்படியே மாற்றாதீர்கள். அதற்கென்று ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர்-டிரான்ஸ்லேட் என்று ஒரு கருவியே இருக்கிறது, நானும் அதைத்தான் முதலில் ஓட்டினேன். என்னிடம் இருந்தது 168 வரி. அரை நிமிடத்தில் அதே குப்பை புது இலக்கணத்தில் கிடைத்தது. வேண்டாம் என்று நினைத்த எதுவும் போகவில்லை, புரியாமல் இருந்தது எதுவும் புரியவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைத்தாளில் தொடங்கினேன். இப்போது 22.

வெள்ளைத்தாளில் எழுதும்போது ஒன்று தெரிந்தது. வீட்டு ஃபயர்வால் பதில் சொல்ல வேண்டியது ஒரே கேள்விக்குத்தான்: யார் யாரிடம் முதலில் பேச்சைத் தொடங்கலாம்? தொடங்கிய பேச்சுக்கு வரும் பதில்களை, நடக்கும் பேச்சுகளைக் குறித்து வைக்கும் கெர்னலின் (லினக்ஸின் மையத்தின்) கனெக்‌ஷன் டிராக்கிங் பார்த்துக்கொள்ளும். எஸ்டாப்ளிஷ்ட் (நடக்கும் பேச்சு), ரிலேட்டட் (அதோடு தொடர்புடையது) இரண்டையும் விடு, இன்வேலிட் (எதிலும் சேராதது) என்றால் தள்ளு. இதை மேலே வைத்துவிட்டால் போகும் வழிக்கு ஒன்று, வரும் வழிக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாக எழுதிய விதிகள் எல்லாம் செத்துப்போகும். என் 168-இல் ஏறக்குறைய 50 இப்படிப் போனவை.

மிச்சம் இருப்பது சில திசைகள்தான். வெளியிலிருந்து கேட்வேக்கு, உள்ளிருந்து கேட்வேக்கு, உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே. இன்புட் (கேட்வேக்கே வருவது), ஃபார்வர்ட் (அதைக் கடந்து போவது) இரண்டுக்கும் பாலிசி டிராப், அதாவது எந்த விதியும் அனுமதிக்காததைச் சத்தமில்லாமல் தள்ளு. அதற்கு மேல் எழுதுவதெல்லாம் விதிவிலக்கு. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும், முடியவில்லை என்றால் அது ஏன் அங்கே இருக்கிறது?

இன்னொன்று. திறந்த கதவைத் தேடும் கிறிஸ்துமஸ் ஸ்கேன், நல் ஸ்கேன் இரண்டையும் பிடிக்க டிசிபி கொடிகளை, அதாவது பாக்கெட்டின் தலையில் இருக்கும் குறிகளைச் சோதிக்கும் ஏழெட்டு வரிகள் உங்களிடமும் இருக்கும், அந்தக் காலத்து ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இருக்கும். கொடியே இல்லாத பாக்கெட்டையும், ஃபின், புஷ், அர்ஜ் மூன்றும் ஏற்றி வருவதையும் கனெக்‌ஷன் டிராக்கிங்கே இன்வேலிட் என்று முத்திரை குத்திவிடுகிறது. ஒரு வரி போதும்.

4 ஜனவரி, இரவு 10.20

பாதுகாப்பு குறையுமா என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். குறையாது. 143 விதியை முழுதாக மனதில் வைத்திருக்கிற ஆள் யாரும் இல்லை, எழுதியவர் உட்பட. என் பழைய பட்டியலில் 31-ஆவது வரி ஒரு போர்ட்டை (ஒரு சேவைக்கான கதவு எண்ணை) அடைத்தது. 12-ஆவது வரி அதே போர்ட்டை எப்போதோ திறந்துவிட்டிருந்தது, முதலில் பொருந்தும் வரியே செல்லும். நான்கு வருடம் அடைத்திருக்கிறேன் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

5 ஜனவரி, காலை 7.30

இரவெல்லாம் இதே நினைப்பு, இன்னொரு பழைய குப்பை ஞாபகம் வந்தது. "யாருக்கும் ஒதுக்காத முகவரிகள்" என்று ஒரு பட்டியல். அங்கிருந்து பாக்கெட் வந்தால் போலி, தள்ளு என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் அது நல்ல யோசனை. என்னுடைய பட்டியலில் 1.0.0.0/8 (1-இல் தொடங்கும் எல்லா முகவரிகளும்) இருந்தது. அதை 2010 ஜனவரியிலேயே ஆசிய பசிபிக் பதிவகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில், உலக முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பில் மிச்சமிருந்த கடைசி ஐந்து /8 தொகுப்புகளும் போய்விட்டன. ஆக அந்தப் பட்டியலில் பெரும்பகுதி இன்று யாரோ ஒருவர் நியாயமாகப் பயன்படுத்தும் முகவரி.

எனக்கு எப்போது தெரிந்தது? 2018-இல் 1.1.1.1 என்ற டிஎன்எஸ் சேவை (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) வந்தபோது. ஊரெல்லாம் வேகம் வேகம் என்றார்கள், என் வீட்டில் மட்டும் வேலையே செய்யவில்லை. சேவை சரியில்லை என்று இரண்டு பேரிடம் வாதாடியும் விட்டேன். தப்பு என் 9-ஆவது வரியில்.

போலி முகவரிக்கு இப்போது கெர்னலின் ரிவர்ஸ் பாத் சோதனையை (பதில் போகும் வழியாகவே பாக்கெட் வந்ததா என்று பார்ப்பதை) மட்டும் வைத்திருக்கிறேன். பட்டியல் கிடையாது.

5 ஜனவரி, மதியம் 1.05

ரிமோட்டில் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள். செய்தே தீருவேன் என்றால், புது விதிகளை ஏற்றும் முன்பே பின்னணியில் "3 நிமிடம் தூங்கு, பிறகு பழையதை ஏற்று" என்று ஒரு கட்டளையை ஓட விடுங்கள். புது விதிகள் சரியாக இருந்து உள்ளே நுழைய முடிந்தால் அதைக் கொன்றுவிடலாம். சரி பார்க்கும்போது புதிதாக ஒரு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும்) இணைப்பைத் திறந்து பாருங்கள். ஏற்கனவே திறந்திருக்கும் ஜன்னல் எஸ்டாப்ளிஷ்ட் விதியில் உயிரோடு இருக்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லும். நான் அதை நம்பி வெளியேறி, கீபோர்டையும் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறேன். மூன்று முறை.

6 ஜனவரி, இரவு 11.15

எந்த விதியைத் தூக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கவுன்ட்டர், அதாவது அந்த விதியில் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்ற எண்ணிக்கை. என்எஃப்டேபிள்ஸில் அது தானாக வராது, ஒவ்வொரு விதியிலும் கவுன்ட்டர் என்று எழுத வேண்டும். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். பூஜ்யமாகவே இருப்பதைத் தூக்குங்கள்.

19 ஜனவரி, இரவு 10.40

மேலே 6-ஆம் தேதி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நானே அடிபட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் 22-ஐயும் குறைக்கலாம் என்று ஆசை வந்தது. 20 என்றால் பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கவுன்ட்டரைப் பார்த்தேன். யுடிபி (டிசிபி போல இன்னொரு நெறிமுறை) 546-ஆம் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை உள்ளே விடும் விதி, எண்ணிக்கை பூஜ்யம். தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பெருமையாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து வெளியிலிருந்து வீட்டு வயர்கார்டுக்குள் (வீட்டு வலைக்குள் வரும் மறைகுறிச் சுரங்கத்துக்குள்) நுழையப் பார்க்கிறேன், கதவு திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தச் சாதனத்திலும் புது வகையான ஐபிவி6 முகவரியே இல்லை. எத்தனை நாளாக இல்லை என்றும் தெரியவில்லை, ஏனென்றால் பழைய வகையான ஐபிவி4 எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். 546 என்பது டிஹெச்சிபிவி6 (ஐபிவி6 முகவரியைக் கேட்டு வாங்கும் முறை) கிளையன்ட்டின் போர்ட். கேட்வே தன் கேள்வியை மல்டிகாஸ்ட் (பலருக்கும் பொதுவான) முகவரிக்கு அனுப்புகிறது, பதில் வருவதோ எதிர்முனையின் சொந்த லிங்க்-லோக்கல் (அந்த லைனுக்குள் மட்டும் செல்லும்) முகவரியிலிருந்து. கேட்ட முகவரி வேறு, பதில் சொல்லும் முகவரி வேறு என்பதால் கனெக்‌ஷன் டிராக்கிங் அதை இதன் பதிலாகப் பார்ப்பதில்லை. எஸ்டாப்ளிஷ்ட் விதி உதவாது, தனியாக விட்டாக வேண்டும். லைன் ஒரு முறை அறுந்து மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டி வந்தபோது பதில் வாசலிலேயே செத்துவிட்டது.

சரி, கவுன்ட்டர் ஏன் பூஜ்யம் காட்டியது? முந்தின நாள்தான் கோப்பைத் திரும்ப ஏற்றியிருந்தேன். ஏற்றினால் கவுன்ட்டர் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒரு மாதக் கணக்கு என்று நான் பார்த்தது பதினெட்டு மணி நேரக் கணக்கு. வேலியில் போன ஓணான் கதைதான்.

ஆகவே பூஜ்யம் என்றால் "விசாரி" என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் எண்ணிக்கை மறுபடியும் 22.

19 ஜனவரி, இரவு 11.05

வயர்கார்டுக்கு ஏன் ஐபிவி6-ஐ நம்பியிருக்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்வேயின் வெளிப்பக்க ஐபிவி4 முகவரி 100.64-இல் தொடங்குகிறது. 100.64.0.0/10 என்பது இணைப்பு கொடுப்பவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012-இல் ஒதுக்கிய தொகுப்பு. அதில் இருந்தால் வெளியிலிருந்து ஐபிவி4-இல் யாரும் உங்கள் கதவைத் தட்டவே முடியாது. என்னிடம் 11 போர்ட் ஃபார்வர்ட் விதிகள் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்புபவை) இருந்தன. எப்போது இந்த முகவரிக்கு மாற்றினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த 11-ம் தெருவே இல்லாத இடத்தில் கட்டிய திண்ணை. முதலில் உங்கள் வெளி முகவரியைப் பாருங்கள், ஒரு கொத்து விதி அங்கேயே உதிரலாம்.

21 ஜனவரி, காலை 6.50

இந்த இழையில் நான் ஒட்டியிருந்த மாதிரியில் ஒரு பிழை, எடுத்துவிட்டேன். வெளி இன்டர்ஃபேஸை (வெளிப்பக்க வலை முனையை) ஐஐஎஃப் என்று எழுதியிருந்தேன். பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ஏறும்) இணைப்பு என்றால் அது ஐஐஎஃப்நேம் ஆக இருக்க வேண்டும். முதலாவது, விதியை ஏற்றும் நேரத்தில் பிபிபி0 என்ற பெயரை ஒரு எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். லைன் விழுந்து எழுந்தால் அதே பெயருக்கு வேறு எண், விதி யாரையோ காத்துக்கொண்டு நிற்கும். பூட் ஆகும்போது பிபிபி0 இன்னும் பிறக்கவே இல்லை என்றால் கோப்பு முழுவதுமே ஏறாது. ஐஐஎஃப்நேம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பெயரை ஒப்பிடும், கொஞ்சம் மெதுவு என்பார்கள். வீட்டு வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

21 ஜனவரி, காலை 7.10

எண்ணிக்கைப் பெருமைக்காக ஐசிஎம்பி-யை (பிங், பிழைச் செய்தி போன்றவற்றைச் சுமப்பதை) மொத்தமாக அடைப்பது, 2000-களிலிருந்து வரும் இன்னொரு பரம்பரைச் சொத்து. "பிங் பதில் சொல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியமாட்டோம்" என்ற நம்பிக்கை. ஐபிவி4-இல் அப்படி அடைத்தும் பிழைக்கலாம், அதுவும் அரைகுறையாக. ஐபிவி6-இல் பிழைக்கவே முடியாது. பக்கத்துச் சாதனத்தின் முகவரியைத் தேடுவதும் ரூட்டர் தன்னை அறிவிப்பதும் ஐசிஎம்பிவி6-இல்தான் நடக்கின்றன, 133 முதல் 136 வரையிலான வகைகள். இவற்றை எஸ்டாப்ளிஷ்ட் விதி பிடிக்காது. அப்புறம் வகை 2, பாக்கெட் பெரிது என்ற செய்தி. ஐபிவி6-இல் வழியில் இருக்கும் ரூட்டர் பாக்கெட்டை உடைப்பதில்லை. பெரிதாக இருக்கிறது என்று அனுப்பியவருக்குச் சொல்லும், அவ்வளவுதான். அந்தச் செய்தியை நீங்கள் அடைத்தால் அனுப்பியவர் சுவரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

பிபிபிஓஈ-இல் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட் அல்ல, 1492. அதனால்தான் இது அங்கே அதிகம் கடிக்கிறது. அறிகுறி விசித்திரமாக இருக்கும். இணைப்பு கிடைக்கும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய இணைப்போடு மின்னஞ்சல் அனுப்பினால் பாதியில் உறைந்து நிற்கும். இதற்கென்று எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் தரவின் உச்ச) அளவைக் குறைக்கும் ஒரே ஒரு விதி போட்டேன், ஐபிவி4-க்கு 1452, ஐபிவி6-க்கு 1432 என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்த விதியை யார் சொன்னாலும் தூக்காதீர்கள்.

வடிகட்ட வேண்டிய ஐசிஎம்பிவி6 வகைகள் எவை என்று 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4890 என்ற இணைய ஆவணம் விரிவாகவே சொல்கிறது. அதில் முக்கால்வாசி "இதை அடைக்காதே" என்றுதான் இருக்கும்.

25 ஜனவரி, மாலை 5.20

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன், அதை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தீர்கள். செட். முகவரிகளை ஒரு பெயரின் கீழ் கொட்டிவிட்டு, அந்தப் பெயருக்கு ஒரு விதி. என்னிடம் கேமரா, டிவி, பிரிண்டர், பல்பு என்று 40-க்கு மேல் இருந்த வரிகள் இரண்டாகின.

ஆனால் உண்மையில் உதவியது வேறு. அவற்றைத் தனி விலானில் (பிரித்து வைத்த தனி வலையில்) போட்டதும் செட்டே தேவைப்படவில்லை. அந்த வலையிலிருந்து கேட்வேயின் டிஎன்எஸ், டிஹெச்சிபி (முகவரி), என்டிபி (நேரம்) மட்டும், முதன்மை வலைக்குள் எதுவும் கிடையாது. முதன்மை வலையிலிருந்து அங்கே போகலாம். முடிந்தது. விதி இன்டர்ஃபேஸோடு பேசுகிறது. புது பல்பு வாங்கினால் எதையும் திருத்த வேண்டாம். ரூட்டருக்கான ஓப்பன்டபிள்யுஆர்டி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல, அங்கே ஜோன் என்று முதலிலிருந்தே இப்படித்தான் யோசிக்க வைக்கிறார்கள். (22.03 பதிப்பிலிருந்து அதுவும் உள்ளே என்எஃப்டேபிள்ஸ்தான்.)

மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் எண்ணை) வைத்து போன்களுக்கு விதி எழுதியிருந்தால் இப்போதே தூக்குங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து வைஃபை வலைக்கு வலை வேறு மேக் முகவரி காட்டுகின்றன. பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு இரவு பத்து மணித் தடை போட்டிருந்தேன். அது இல்லாத ஒரு முகவரியைத் தினமும் பத்து மணிக்குத் தவறாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

25 ஜனவரி, இரவு 10.15

டேப்லெட் என்றதும் டிவி ஞாபகம். இரவு பத்துக்கு டிவியின் போக்கை அடைக்கும் விதி ஏறும். ஏறியது. டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விதியின் வரிசை, முகவரி எல்லாம் நாலு முறை பார்த்தேன், எல்லாம் சரி.

நான் 4-ஆம் தேதி பெருமையாகச் சொன்ன அந்த முதல் விதிதான் காரணம். பேச்சு பத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, ஆகவே எஸ்டாப்ளிஷ்ட், ஆகவே மேலேயே அனுமதி. என் தடை வரை பாக்கெட் வந்து சேரவே இல்லை. லினக்ஸில் சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பின் ஆயுள், மாற்றாமல் விட்டால், 432000 வினாடி. ஐந்து நாள். அந்த முகவரிக்கான பதிவுகளைக் கான்ட்ராக் கட்டளையால் அழித்ததும் படம் சுழன்று நின்றது. வீட்டில் கிடைத்த வரவேற்பை எழுதப் போவதில்லை.

2 பிப்ரவரி, இரவு 9.00

கேள்வி கேட்டவர் மாற்றிவிட்டதாகச் சொல்கிறார், 143 இப்போது 27. ஆனால் ஒரு போர்ட்டை அனுமதித்தும் போகவில்லை என்கிறார். ஒன்று பாருங்கள்: பூட்டில் பழைய ஐபிடேபிள்ஸ் சேவை இன்னும் ஓடுகிறதா? அதுவும் ஓடினால் இரண்டு தொகுப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். என்எஃப்டேபிள்ஸில் ஒரு செயினில் (விதிகளின் வரிசையில்) அனுமதித்தால் அந்தச் செயினைத்தான் தாண்டுகிறது. அதே இடத்தில் தொங்கும் அடுத்த செயினும் அதைச் சோதிக்கும். தள்ளினால் மட்டும்தான் அங்கேயே முடிவு. உங்கள் புது செயின் விடுகிறது, பழைய ஃபார்வர்ட் செயின் கழுத்தைப் பிடிக்கிறது.

அதோடு, கோப்பின் தலையில் எல்லாவற்றையும் துடைக்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், கேட்வேயிலேயே ஓடும் கன்டெய்னர்கள் (தனித்தனியாக அடைத்து ஓட்டும் செயலிகள்) தமக்காக எழுதிய விதிகளும் சேர்ந்து துடைபட்டு, அவை திக்குத் தெரியாமல் நின்றன. சொந்த டேபிளை (செயின்களின் தொகுப்பை) மட்டும் முதலில் ஒரு முறை அறிவித்து, அடுத்த வரியில் அழித்து, பிறகு முழுதாக எழுதுங்கள். முதலில் அறிவிப்பது ஏன் என்றால், இல்லாத டேபிளை அழிக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு மொத்தக் கோப்பையும் மறுத்துவிடும். கோப்பு ஒரே மூச்சில் ஏறுவதால் நடுவில் கதவு திறந்து கிடக்குமோ என்ற பயம் வேண்டாம்.

2 பிப்ரவரி, இரவு 9.25

ஆமாம், பழைய சேவைதான் என்று சொல்லிவிட்டார். நல்லது.

8 பிப்ரவரி, மதியம் 12.30

சின்ன விஷயம். வெளிப்பக்கம் டிராப் சரி. உள்பக்கம் ரிஜெக்ட் போடுங்கள். டிராப் போட்டால் அந்தச் செயலி பதிலுக்குக் காத்துக் காத்து நேரத்தைத் தின்னும், நீங்கள் வலை மெதுவாக இருக்கிறது என்று வேறெங்கோ தேடுவீர்கள். ரிஜெக்ட் உடனே முகத்தில் சொல்லிவிடும். லாக் விதிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். வைக்காமல் நான் நிரப்பிய டிஸ்க் இரண்டு.

23 பிப்ரவரி, இரவு 11.40

மறுபடியும் நான்தான். மறுபடியும் அதே முட்டாள்தனம்.

என் கோப்பில் ஒரு வரி இருந்தது. விருந்தினர் வலையிலிருந்து வெளியே யுடிபி 500, 4500 அனுமதி. பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: "தொடாதே. காரணம் இருக்கிறது." என்ன காரணம் என்று எழுதவில்லை. ஐபிசெக் (மறைகுறிச் சுரங்கம் போடும் முறை) போர்ட்கள் என்று தெரியும், பழைய அலுவலக விபிஎன்னுக்காக இருக்கும் என்று நினைத்தேன். கவுன்ட்டர் பூஜ்யம். இந்த முறை புத்தியாக, திரும்ப ஏற்றாமல் முழுதாக நான்கு வாரம் பார்த்தேன். பூஜ்யமேதான். காரணம் சொல்ல முடியாத விதி ஏன் இருக்க வேண்டும் என்று இங்கே உங்களுக்கு உபதேசம் வேறு செய்திருக்கிறேன். தூக்கினேன்.

நேற்று மாமா வந்து தங்கினார். விருந்தினர் வைஃபை கொடுத்தோம். மெசேஜ் வருகிறது, வீடியோ ஓடுகிறது. ஆனால் அவருக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. எங்கள் வீட்டின் உள்ளறையில் செல்போன் சிக்னல் கிடையாது. எங்கள் போன்கள் வைஃபை காலிங்கில் ஓடுகின்றன. அது முதன்மை வலையில், அங்கே வெளியே போக எந்தத் தடையும் இல்லை. விருந்தினர் வலையில் மட்டும் டிஎன்எஸ்ஸுக்கும் வலைத்தளங்களுக்குமான 53, 80, 443 என்று சுருக்கி வைத்திருக்கிறேன். வைஃபை காலிங் தன் சுரங்கத்தைப் போடுவது யுடிபி 500, 4500 வழியாக. நான்கு வாரமாகப் பூஜ்யம், ஏனென்றால் நான்கு வாரமாக வீட்டுக்கு யாரும் வரவில்லை.

வரியைத் திரும்பப் போட்டேன். எண்ணிக்கை மறுபடியும் பழையபடி. "தொடாதே"யை அழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "விருந்தினர் வலை, வைஃபை காலிங். எடுத்தால் மாமாவுக்கு போன் வராது."